உஸ்தாத் ஷவ்கி பலகை அறுத்த விதம்

எகிப்தில், சந்துக்குச் சந்து மரவேலை நடக்கும் தும்யாத் ஊரில் ஒருவர் எழுந்து நின்று, "என் மகளுக்கு அலமாரியை நானே செய்யப் போகிறேன்" என்று அறிவிப்பது, மீன் சந்தைக்குள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நுழைவது மாதிரி. யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அத்தனை பேரும் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

உஸ்தாத் ஷவ்கி அறிவித்தார். அதுவும் தன் வீட்டுச் சமையலறையில் வைத்து மனைவியிடம் அல்ல. மகள் லுப்னாவுக்கு ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்த அன்று, சம்பந்தி வீட்டார் வாயெல்லாம் பாகு ஒட்ட முஷப்பக் தின்றுகொண்டிருந்த நேரத்தில் அறிவித்தார். வீடு மாப்பிள்ளை பொறுப்பு, மரச்சாமான் பெண் வீட்டுப் பொறுப்பு என்பது அங்கே பேசவே வேண்டாத சங்கதி. கட்டிலையும் நாற்காலியையும் எந்தக் கடையில் சொல்வது என்றுதான் பேச்சு போய்க்கொண்டிருந்தது. ஷவ்கி தொண்டையைச் செருமினார். "அலமாரியை மட்டும் கடைக்கு விடறதா இல்லை. நாலு கதவு, வால்நட் முகம். என் கையால."

அவர் நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர்; உஸ்தாத் என்பது படித்த உத்தியோகஸ்தருக்கு ஊர் தரும் மரியாதை. வாழ்நாளில் ஓர் ஆணி அடித்ததில்லை. மற்றவர்கள் அடிக்க இருந்த எத்தனையோ ஆணிகளை நிறுத்திவைத்தவர்.

மாப்பிள்ளையின் அப்பா மெத்வல்லி ஹாஜிக்கு ஆற்றங்கரையில் மூன்று மாடிக்கு மரச்சாமான் கடை. அவர் கையை உதறிக்கொண்டு சிரித்தார். "மாஷா அல்லாஹ்! பத்து விரலோட ஒரு சம்பந்தி கிடைச்சிருக்காரு. கல்யாணம் வரைக்கும் எண்ணிக்கை குறையாம பார்த்துக்கங்க."

கூடம் அதிரச் சிரிப்பு. ஷவ்கியின் மனைவி இன்ஸாஃபும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலித் தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

*

கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் இருந்த சாமான் அறை பட்டறை ஆனது. பழைய துணி துவைக்கும் இயந்திரமும், இன்ஸாஃபின் ஊறுகாய்ப் பீப்பாய்களும் மொட்டைமாடிக்குக் குடிபோயின. அங்கே ஏற்கெனவே குடியிருந்த வாத்துகள் இதை எதிர்த்து இரண்டு நாள் கத்தின.

பலகை முதலில் வந்தது. உடலுக்குச் சாதா பிளைவுட். கதவுக்கு மட்டும் வால்நட் முகம் ஒட்டிய இரண்டு பலகைகள். ஒரே மரத்தை அடுத்தடுத்துச் சீவி ஒட்டியது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் வரியெல்லாம் ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குப் புகை மாதிரி ஏறிப் போகும். அந்தச் சீவலில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான் என்று மரக்கடைக்காரன் சத்தியம் பண்ணினான். மரக்கடைக்காரன் சத்தியத்துக்கு ஊரில் மரியாதை கிடையாது. ஆனால் இன்ஸாஃபின் தம்பி கஃபார் பாலீஷ் வேலைக்காரன். அவன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நிஜம்தான் அக்கா, வேற இல்லை" என்றான்.

பிறகு கருவி தேர்வு. அது கோடையில் தொடங்கி, பேரீச்சை பழுத்து முடிந்து, கடல்காற்று திரும்பிய பிறகும் நடந்தது. ஷவ்கி காலையில் ஃபூல் என்ற மொச்சை மசியலும் ரொட்டியும் சாப்பிடும்போதே ஆரம்பிப்பார்.

"டேபிள் மிஷின் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"போன வாரம் அதுதான் ராஜான்னீங்க?"

"போன வாரம் நான் யோசிச்சிக்கிட்டிருந்தேன். டேபிள் மிஷின்ல பிளேடு சும்மா நிக்குது, நாம பலகையைத் தள்ளணும். ஆள் உசரத்துக்கு மேல பலகை. ஒத்தை ஆளு தள்ளினா வால் பக்கம் தொங்கும், வரி கோணும். அது பெரிய பட்டறைக்கு. வீட்டுப் பட்டறைக்குப் பலகை சும்மா படுத்திருக்கணும், மிஷின் நடக்கணும்."

"அப்ப அந்தச் சின்ன ரம்பம்? குதிச்சுக் குதிச்சு அறுக்குமே?"

"ஜிக்சாவா? அது வளைவுக்கு. நேர்க்கோட்டுல விட்டா மெத்வல்லி கணக்கு மாதிரி வளைஞ்சு போகும்."

"சம்பந்தியைப் பேசாதீங்க, ஜன்னல் திறந்திருக்கு."

கடைசியில் கையில் பிடிக்கிற வட்ட ரம்பம் வந்தது. அதற்கு நெருக்கமான பல் வைத்த பிளேடு வந்தது. அது ஓடுவதற்கு நீளமான அலுமினியச் சட்டம் வந்தது. சட்டத்தை இறுக்க கிளாம்ப், பலகைக்கு அடியில் மெத்தை போட தெர்மோகோல், கோட்டின்மேல் ஒட்ட காகித டேப் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, தனித்தனி உரையோடு வந்தன. எல்லாம் வந்த பிறகு ஷவ்கி 'முறை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். முறைப்படி முதலில் பெரிய துண்டாக வெட்டணும், அப்புறம்தான் அளவு. முறைப்படி அழகான முகம் தரையைப் பார்க்கணும், ஏனென்றால் இந்த ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே ஏறும், சிராய் மேல்பக்கம்தான் பெயரும். முறைப்படி பிளேடு தின்னும் கனத்தை முன்கூட்டியே கழிக்கணும். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளூ செய்வதைவிட இதற்குப் படிகள் அதிகம் என்று இன்ஸாஃப் நினைத்தாள். ஒளூ செய்தவர்கள் பிறகு தொழவாவது செய்வார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சாமான் போகும் நாள் வியாழக்கிழமை என்று குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின வாரமும் ஒரு துண்டுகூட அறுபடவில்லை. ஒரு நாள் மழை, காற்றில் ஈரம், பலகை உப்பும். ஒரு நாள் மின்சாரம் நிதானமில்லை. ஒரு நாள் தெர்மோகோல் மேல் உப்பு.

உப்பு தூவியது இன்ஸாஃப்தான். பட்டறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். கல்யாணச் சாமான் போகிற நாள்வரை ஊர்க்கண்ணில் படக்கூடாது. கதவைக் கண்ணேறு தாண்டாது என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. பொறாமைக்காரர் கண்ணில் விழட்டும் என்று ஓதி, கல்லுப்பை நான்கு மூலைக்கும் வீசிவிட்டு வந்திருந்தாள்.

"யாரு இது? முகத்தை இதுமேல குப்புறப் போட்டு இழுத்தா வால்நட் என்னத்துக்கு ஆகும்? கீறலாக் கிழியும்!"

"கண்ணு படாம இருக்கத்தான்..."

"கண்ணு பட்டாக்கூட கீறல் விழாதுடி!"

அவள் கையாலேயே கூட்டி அள்ளினாள். கல் ஏதும் மிச்சமில்லை என்று பரிசோதிக்க அவர் இன்னும் ஒரு நாள் எடுத்துக்கொண்டார்.

கஃபார் வந்து கதவோரம் நின்று பார்த்தான். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. தெருமுனையில பெரிய மிஷின் இருக்கு. ஒரு டீ குடிக்கறதுக்குள்ள மொத்தத்தையும் அறுத்துத் தந்துடுவான். நாம கொண்டுவந்து பூட்டிக்கலாம். யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்" என்றார் ஷவ்கி.

"நீங்க கண்ணை மூடிக்கங்க."

"கஃபார், பாலீஷ் போடறவனுக்கு மரம் முடிஞ்ச பிறகுதான் வேலை. அதுவரைக்கும் வாய்க்கும் பாலீஷ் போட்டு வை."

அன்று மாலைமுதல் பட்டறையிலிருந்து ரம்பச் சத்தம் கேட்கத் தொடங்கியது. இன்ஸாஃப் மாடியில் வாத்துக்கு ஊறவைத்த ரொட்டி போட்டுக்கொண்டே, அப்பாடா என்றாள். மறுநாளும் சத்தம். அதற்கடுத்த நாளும். லுப்னா தோழிகளிடம் போனில், "அப்பா அறுத்துட்டே இருக்காரு" என்று பெருமையடித்தாள்.

எதிர்மாடிக்காரி ஸுஹைர் துணி உலர்த்தும்போது, மாடியில் நின்ற இன்ஸாஃபைப் பார்த்துக் கேட்டாள். சந்து அகலம் இரண்டு கழுதை வண்டிதான். குரலை உயர்த்தத் தேவையில்லை.

"லுப்னா அம்மா, உங்க வீட்டுக்காரர் என்ன மரம் அறுக்கறாரு?"

"ஏன், பிளைவுட்தான்."

"இல்ல, வலியே தெரியாம அறுபடுதே, அதான் கேட்டேன். என் மாமனார் காலத்துலேர்ந்து இந்தச் சந்துல கேட்கறேன், மரம்னா பிளேடு உள்ள போகையில ஒரு முனகல் முனகும். உங்களுது பாட்டு மாதிரி ஒரே சுதியில ஓடுது. நல்ல மரம் போல. கிடைக்கற இடம் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, ஈரக் கால்சட்டையை உதறிக் கம்பியில் போட்டு, க்ளிப் மாட்டினாள்.

இன்ஸாஃப் மாடிப்படிப் பக்கம் காதைக் கொடுத்தாள். கீழிருந்து ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் பிறந்த பெண்ணுக்கு, வெறும் பிளேடின் சத்தமும் மரத்தைக் கடிக்கும் பிளேடின் சத்தமும், வெந்நீர் கொதிப்பதும் எண்ணெய் கொதிப்பதும் மாதிரி வேறுவேறு. அவளுக்குத் தெரியாமல் இல்லை. மூன்று நாளாகக் கேட்க மறுத்திருந்தாள்.

*

ஷவ்கி கவிழ்த்த பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். மெஷினைக் காற்றில் பிடித்து ஓடவிட்டுக்கொண்டிருந்தார். வால்நட் பலகை தெர்மோகோல் மேல் குப்புறக் கிடந்தது. கோடு போட்டு, டேப் ஒட்டி, சட்டம் இறுக்கி, முறைப்படி எல்லாம் ஆகியிருந்தது. அறுப்பு மட்டும் இல்லை. தரையில் மரத்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை.

அவளைக் கண்டதும் விசையை விட்டார். பிளேடு ஓய்ந்து நின்றது. அவர் கை நிற்கவில்லை.

இன்ஸாஃப் அதைப் பார்த்தாள். வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல்வரை, குளிரில் நனைந்த பூனைக்குட்டி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

"எப்பத்துலேர்ந்து?"

"நோன்புக்கு முன்னாடியிருந்து."

"டாக்டர்?"

"பார்த்தேன். சாகற வியாதி இல்லையாம். போகற வியாதியும் இல்லையாம்."

அதனால்தான் இப்போதெல்லாம் டீயை ஆறவைத்துத் தனியாகக் குடித்தார். அதனால்தான் டேபிள் மிஷின் வேண்டாம். பிளேடுக்குப் பக்கத்தில் கை போக வேண்டும். அதனால்தான் ஜிக்சா வேண்டாம். கை நடுங்கினால் கோடும் நடுங்கும். கோடையிலிருந்து இந்த மனிதன் பேசிய பேச்செல்லாம், கருவியெல்லாம், முறையெல்லாம், தன் கையைச் சுற்றிப் போக ஒரு சந்து தேடியதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. சட்டம் நடுங்காது. ஆனால் சட்டத்தின்மேல் மெஷினை வைத்து, பிளேடு மரத்தைத் தொடுகிற அந்த முதல் நொடிக்கு ஒரு கை வேண்டியிருந்தது.

"அப்புறம் எதுக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னீங்க?"

"மெத்வல்லி அவன் கடை சோபாவைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினான். எனக்கும் ஏதாவது சொல்லணும்னு இருந்துச்சு."

அவளுக்கு அழுகை வரவேண்டிய இடம். வந்தது கோபம். "கஃபாரைக் கூப்பிடறேன்."

"கூப்பிடு. சாயங்காலம் காபிக்கடைக்குத் தெரியும். ராத்திரி இஷா தொழுகைக்குள்ள மெத்வல்லிக்குத் தெரியும். லுப்னா புகுந்த வீட்டுல வருசம் பூரா இதுதான் பேச்சு. 'உங்கப்பா ஆட்டிக் கொடுத்த அலமாரி'ம்பாங்க."

"பெரிய மிஷினுக்கு அனுப்பலாம்."

"அங்க அறுக்கறவன் மெத்வல்லி மச்சினன்."

இந்த ஊரில் மரத்தோடு சம்பந்தப்பட்ட எவனும் மெத்வல்லிக்கு ஏதோ ஒரு வழியில் உறவு. வெளியே காற்று எழுந்து தகரக் கதவை அடித்தது. மேலே வாத்துகள் கத்தின. வியாழக்கிழமை, வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடிப்பது மாதிரி அவள் காதில் கேட்டது.

"சரி, சொல்லுங்க. இதை எங்க பிடிக்கணும்?"

"யாரு?"

"நான்தான். வாத்து எலும்பை வெட்டறவளுக்கு இது என்ன?"

"இன்ஸாஃப், இது வாத்து இல்லை."

"தெரியுது. வாத்து இவ்வளவு பேசாது."

முதலில் உடைந்த பெட்டிப் பலகையில் பழகினாள். முதல் தடவை மெஷின் அவள் கையில் துள்ளியது, வீலென்று கத்திவிட்டாள். "கத்தாதே, சந்துக்குக் கேட்கும்" என்றார். "மூணு நாளா நீங்க ஊருக்குப் பாட்டு போட்டீங்க, நான் ஒரு சத்தம் போடக்கூடாதா?" என்றாள். அவர் பின்னால் நின்று ஓதிக்கொண்டே இருந்தார். மிஷினோட அடித்தட்டு சட்டத்துல முழுசா உட்காரட்டும். பிளேடு மரத்தைத் தொடாம முதல்ல ஓடட்டும், முழு வேகம் வந்த பிறகு தள்ளு. அமுக்காதே, தள்ளு. வயரைத் தோள்மேல போடு, சட்டத்து முனையில மாட்டும். அவளுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சொன்னபடி செய்தால் மெஷின் சொன்னபடி போனது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பிறகு சாதா பலகைகள். பக்கங்கள், தட்டுகள், அடி, தலை. மரத்தூள் அவள் தலைத்துணியில் ரவை மாதிரி படிந்தது. அடுத்த நாள் வால்நட்.

ஒரு பலகைக்கு இரண்டு கதவு, வெளி ஓரத்தில் ஒரு நீளத் துண்டு மிச்சம்; இரண்டு கதவுக்கும் நட்ட நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒரே அறுப்பு. தவறினால் கதவு இரண்டும் போச்சு. இன்ஸாஃப் பிஸ்மில்லாஹ் சொன்னாள். விசை, வேகம், தள்ளல். மரம் முனகியது. எதிர்மாடியில் ஸுஹைர் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது, அதை விரட்டினாள். முட்டி போட்டு நகர்ந்து, பாதிப் பலகையைத் தாண்டியபோது வெளியே வானம் ஒருமுறை உடைந்தது. விளக்கு போனது. மெஷின் அவள் கைக்குள்ளேயே செத்தது.

"அசையாதே!" ஷவ்கியின் குரல் கீச்சென்றது. "விசையை விடு. விட்டுட்டியா? கரண்ட் வந்தா அதுவா துள்ளும்."

"விட்டுட்டேன்."

"கையை எடுக்காதே. பிளேடு உள்ள இருக்கு. சாஞ்சா அறுத்த வாய் பிளந்துடும்."

மழை தகரத்தில் கொட்டியது. பகல் நேரம்தான், ஆனால் அறைக்குள் சாம்பல் வெளிச்சம். அவள் முட்டிபோட்டபடி மெஷினைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். முட்டி மரத்துப்போனது. தோள் எரிந்தது. தும்மல் வந்தது, மூக்கைத் தோளில் அழுத்தி அடக்கினாள். அவர் அவளுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து இடது கையால் சட்டத்தின் கோடியைப் பிடித்துக்கொண்டார்.

"லுப்னா அப்பா."

"ம்."

"இது கெட்டுப்போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

"நான்தான் கெடுத்தேன்னு சொல்லு. ஊரு நம்பும்."

கரண்ட் வந்தது. பின்னால் ஒரு மயிரிழை இழுத்து, வெறுமனே ஓடவிட்டு, வேகம் ஏறிய பிறகு முன்னே தள்ளச் சொன்னார். தள்ளினாள். கடைசியில் இரண்டு கதவும் பெருமூச்சு விட்ட மாதிரி பிரிந்தன. புரட்டிப் போட்டார்கள். அழகான முகத்தில் ஒரு சிராய் இல்லை. மெஷின் நின்ற இடம் தடவினாலும் தெரியவில்லை. இன்ஸாஃப் தரையில் அப்படியே படுத்துவிட்டாள். இரண்டாவது பலகையை அறுக்க எழுந்தபோது மழை நின்றிருந்தது.

கதவைக் கோத்துப் பூட்டி, பாலீஷ் போட வந்த கஃபார், ஓரத்தில் நகத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தான். "மச்சான், அல்லாஹ் பேரால கேட்கறேன், யாரு அறுத்தது?"

"முறை" என்றார் ஷவ்கி.

அவன் சமையலறைக்கு வந்தான். "அக்கா, யாரு அறுத்ததுன்னு கேட்டா முறைங்கறாரு. யாரது, அலெக்ஸாந்திரியாக்காரனா?"

*

வியாழக்கிழமை வெயில் அடித்தது. திறந்த லாரியில் அலமாரி நின்றபடி போனது. பின்னால் பாய், சட்டி, போர்வை, பொருத்தும் வேலைக்கு மெஷின், குலவை, ஹாரன். மாப்பிள்ளை வீடு நான்காம் மாடி. கதவுகளைத் தனியாகத் தூக்கி, உள்ளே மாட்டி நிறுத்தியபோது கூட்டம் நெருங்கி வந்தது. நான்கு கதவிலும் வரி ஒரே மூச்சில் ஏறிப் போனது. மாப்பிள்ளையின் அம்மா நாஜியா பக்கத்தில் போய், தூரப் போய், மறுபடி பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் அகராதியில் அதற்குமேல் சொல் இல்லை.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் விழும் இடைவெளியை மூட, அதே வால்நட்டில் மிஞ்சிய ஒரு நீளத் துண்டைக் கொண்டுவந்திருந்தார்கள். வைத்துப் பார்த்தால் மேலே நுழைந்தது, கீழே முட்டியது. ஷவ்கி இடது கையால் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"சுவரு சாஞ்சிருக்கு. இந்தக் கட்டடத்துக்கு எவன் அனுமதி கொடுத்தான்?"

"நீங்கதான் சம்பந்தி" என்றார் மெத்வல்லி ஹாஜி.

சிரிப்பு அடங்க நேரமானது. அடங்கியதும் மெத்வல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பரவாயில்ல, நல்லதாப் போச்சு. மாசக்கணக்கா கதவைச் சாத்திக்கிட்டு அறுத்தீங்க. இப்ப எங்க கண்ணு முன்னாடி அறுங்க. கீழ வண்டியில மிஷின் இருக்குல்ல? கொண்டாங்கப்பா!"

கஃபார் எழுந்தான். "நான் அறுக்கறேன் ஹாஜி, ஒரு நிமிசம்..."

"நீ உட்காரு. கலைஞர் இருக்கும்போது பாலீஷுக்கு என்ன வேலை?"

மெஷின் வந்தது. சட்டம் வந்தது. மிஞ்சிய துண்டு அது ஒன்றுதான். அறைக்குள்ளும் வாசலிலும் ஆட்கள். மாப்பிள்ளையின் அத்தைகள், சின்னம்மாக்கள், சுமை தூக்கியவர்கள். லுப்னா கைகோத்து, பெருமை தாங்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியாது. ஷவ்கியின் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. பை துடித்தது இன்ஸாஃபுக்கு மட்டும் தெரிந்தது. மயக்கம் வந்து விழுந்தால் என்ன என்று யோசித்தாள். விழுந்தால் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு, பிறகு அறுக்கச் சொல்வார்கள்.

ஷவ்கி துண்டைக் குப்புறப் போட வைத்தார். சுவரின் சாய்வை அளந்து கஃபாரைக் கொண்டு கோடு போட வைத்தார். டேப். சட்டம். கிளாம்ப். ஒவ்வொன்றுக்கும் விளக்கம், சுமை தூக்குகிறவர்களில் ஒருவன் கொட்டாவி விட்டான். எல்லாம் ஆயிற்று. மிச்சம் ஒன்றுமில்லை. ஷவ்கி நிமிர்ந்தார்.

"இன்ஸாஃப், வா."

முதலில் சிரித்தார்கள். நாஜியா நெஞ்சில் கை வைத்தாள். "என்ன சம்பந்தி விளையாட்டு? சாமான் வர்ற வீட்டுல, நகை போட்ட பொம்பளை கையில மிஷினா?"

"கோடு என்னோடது. அறுப்பு அவளோடது. அலமாரி மொத்தமும் அப்படித்தான்" என்றார் ஷவ்கி. ஏன் என்று சொல்லவில்லை.

லுப்னா அம்மாவைப் பார்த்தாள். அறையே பார்த்தது. இன்ஸாஃப் வளையல்களைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். புது உடுப்பைச் சுருட்டிக்கொண்டு முட்டி போட்டாள். வயரைத் தோள்மேல் போட்டாள். விசையை அழுத்தி, வேகம் ஏறவிட்டு, தள்ளினாள். சின்ன அறுப்புதான். ஆனால் அவள் முதுகில் அத்தனை கண்கள். முடிவுக்கு வரும்போது எப்படியாவது முடிந்தால் போதும் என்று விசுக்கென்று தள்ளிவிட்டாள்.

கஃபார் துண்டை எடுத்து இடைவெளியில் வைத்தான். அது உள்ளே போய், சுவரோடு சுவராக நின்றது. ஒரு அத்தை குலவையிட்டாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஷவ்கி சேரவில்லை. குனிந்து துண்டின் அடிமுனையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "நில்லு, நில்லு. இங்க பாரு இன்ஸாஃப். முடிவுல அவசரப்பட்டுட்டே. சிராய் எழும்பியிருக்கு. எத்தனை தடவை சொன்னேன், முடிவுலதான் நிதானம் வேணும்னு? இதோ, இங்க."

காட்ட வேண்டுமே என்ற வேகத்தில் வலது கையைப் பையிலிருந்து எடுத்து நீட்டியிருந்தார். விரல் வால்நட் ஓரத்துக்கு முன்னால் நின்று ஆடியது. சிராய் எங்கே என்று காட்ட முயன்று, மேலேயும் கீழேயும் போனது. அவர் மறந்தே போனார். சிராயைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்.

குலவை ஒவ்வொரு வாயாக நின்றது. லுப்னாவின் கையிலிருந்த வளையல்கள் ஒன்றோடொன்று இடித்தன. அப்போதுதான் ஷவ்கி தன் விரலைப் பார்த்தார். மற்றவர்கள் பார்ப்பதையும் பார்த்தார். கையை மடக்க நேரமில்லை.

மெத்வல்லி ஹாஜி நாற்காலியிலிருந்து பெருமூச்சோடு எழுந்தார். பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஷவ்கியின் பக்கத்தில் குனிந்தார். கண்ணாடியைப் போட்டு, ஆடுகிற விரலுக்குப் பக்கத்திலேயே தன் மூக்கைக் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "முடிவுல கொஞ்சம் அவசரம்தான்."

"நான் சொன்னேன்ல?" என்றார் ஷவ்கி. விரலை மடக்கவில்லை. "மிஷின் முழுசா வெளிய வர்ற வரைக்கும் விசையை விடக்கூடாது, அதே சமயம் தள்ளவும் கூடாது..."

"சொல்லுங்க" என்றார் மெத்வல்லி, கண்ணாடியைக் கழற்றாமல். "ஏய், நாற்காலி இன்னொண்ணு போடு. சம்பந்தி உட்கார்ந்து சொல்லட்டும்."